வடிவு சொல்லாத சொல்

மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் சமவெளியைத் தொடும் இடத்தில் ஒரு சொற்பள்ளி இருந்தது. ஓலை வேய்ந்த நீண்ட கொட்டகை, சுற்றிலும் மருத மரங்கள். அங்கே சிறுபிள்ளைகள் படிக்கவில்லை. வளர்ந்தவர்கள் வந்து தங்கி, சொற்களையும் அவற்றின் பொருளையும் கற்றுக்கொண்டு போனார்கள்.

பள்ளியை நடத்தியவர் தீத்தாரப்பர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவருக்குத் திக்குவாய்.

சின்ன வயதில் 'கதவு' என்று சொல்ல வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். அதனால் 'வாசலைச் சாத்து' என்பார். 'பசு' வராது, 'மாடு' என்று சொல்லித் தப்பிப்பார். ஒருமுறை விருந்தில் தயிர் கேட்க முடியாமல் 'மோருக்கு முன்னாடி உள்ளது' என்று கேட்டு, பந்தியே சிரித்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லிடமிருந்தும் தப்பி ஓட இன்னொரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லும் மறித்தால் மூன்றாவது ஒன்று வேண்டும். அப்படித் தேடித் தேடியே, அவருக்குத் தெரியாத சொல் இல்லை என்று ஆனது.

வயது ஏற ஏறப் பல எழுத்துகள் இளகிக் கொடுத்தன. ஒன்றிரண்டு மட்டும் இளகவே இல்லை.

வடிவு அங்கே படிக்க வந்தவள் அல்ல. அவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அவள் ஊர் கீழே வெகுதூரத்தில், ஆற்றங்கரையில் இருந்தது. கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் மயிலு. ஒரு நாள் தாயும் மகளும் ஆற்றுத் துறைக்குத் துணி துவைக்கப் போயிருந்தார்கள். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலையில் எங்கோ பெய்த மழைக்கு ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்தது. வடிவு கரையேறித் திரும்புவதற்குள் பிள்ளையைக் காணோம். மறுநாள் கோரைப் புதருக்குள்ளிருந்து எடுத்தார்கள். மயிலுக்கு ஆறு வயது.

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

"மனசு ஆறும் வடிவு. போகப் போக ஆறிரும்."

"ஆறுதலா இரும்மா."

அதிலிருந்த 'ஆறு' என்ற சொல் ஒவ்வொரு முறையும் அவள் காதில் வெள்ளமாகவே விழுந்தது. நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் மறுபடி அந்தத் துறையில் நின்றாள்.

ஒரு நாள் காலையில் எழுந்தாள், நடந்தாள். தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக நடந்தாள். அவள் கணவன் பரமன் ஊர் எல்லைவரை கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சொற்பள்ளி வாசலில் ஒரு வாய்க் கஞ்சி வாங்கிக் குடிக்கத்தான் நின்றாள். உள்ளே மாணாக்கர்கள் சூரியனின் பெயர்களைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு, பரிதி, கதிரவன், வெய்யோன் என்று அது செக்கு சுற்றுவதுபோல் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் ஆனபோதுதான், அத்தனை நேரமும் தண்ணீரின் சத்தம் தன் காதில் விழவில்லை என்பது தெரிந்தது.

அங்கேயே தங்கிவிட்டாள். முதலில் கஞ்சி காய்ச்சினாள். பிறகு அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். மனப்பாடம் செய்யும்போது மனதுக்குள் வேறு எதுவும் நுழைய இடம் இருக்கவில்லை.

அவள் தங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீத்தாரப்பர் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. ஆற்றைத் 'தண்ணி' என்பார், 'புனல்' என்பார். கஞ்சி சுட்டால் 'தணியட்டும்' என்பார். எண்ணிக்கொண்டு போகும்போது ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே விரலை மட்டும் மடக்கிக்கொள்வார். யாரோ தன் கதையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், தனக்காகத்தான் அவர் அப்படிப் பேசுகிறார் என்று வடிவு நினைத்தாள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தன்னைவிட மூத்தவள் என்பதால் 'அக்கா' என்று கூப்பிடுவார். அவள் 'ஐயா' என்பாள்.

வருஷங்கள் போயின. பள்ளியில் அதிகச் சொல் அறிந்தவள் வடிவு என்று ஆயிற்று. அவளும் அந்த ஒரு சொல்லைச் சுற்றிக்கொண்டேதான் பேசினாள். யாரும் கவனிக்கவில்லை.

ஓர் ஆண்டு அரியநாயகம் என்பவர் புதிதாகச் சேர்ந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். நல்ல மனிதர். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு வேர்தான் இருக்க முடியும் என்பதில் மகா பிடிவாதம். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பொருள்களை எல்லாம் ஒரே முடிச்சில் கட்டிக் காட்டிவிடுவார்.

ஒரு மாலை தீத்தாரப்பர் வெளியே போயிருந்தார். அரியநாயகம் மற்றவர்களை உட்காரவைத்துக் கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ஆறுன்னா தண்ணி போற வழி. அதனால வழிக்கே ஆறுன்னு பேரு வந்துட்டு. வழி நடந்தவன் நிழல்ல உக்காந்து இளைப்பாறுதான். அதனால தணியுததுக்கும் அதே சொல்லு. எல்லாம் ஒரே வேர், பாத்தீங்களா? அந்த எண்ணு ஒண்ணுதான் வழிக்கு வர மாட்டேங்குது."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"வடிவக்கா, நீங்க சொல்லுங்க. அந்த எண்ணுக்கும் ஆத்துக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வடிவு கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தம் இருக்கு," என்றாள். "எம் மகளுக்கு அதுதான் வயசு."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். அரியநாயகத்தின் முகம் வெளுத்துப்போனது.

தீத்தாரப்பர் அப்போதுதான் வந்து வாசலில் நின்றார். வடிவு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, இத்தனை காலம் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்குதேன். எம் பிள்ளையைக் கொண்டுபோனதுக்கும், அவ வயசுக்கும், நோவு தணியுததுக்கும் ஒரே பேர வச்சவன் யாரு? அவன் எந்த ஊர்க்காரன்? அவன் வீட்டுல பிள்ளை செத்ததே இல்லையா?"

தீத்தாரப்பர் உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது அக்கா."

"உங்களுக்குத் தெரியாத சொல்லு உண்டா?"

"தெரியாது. போய்ப் பாப்போமா?"

"எங்க?"

"அது தொடங்குத இடத்துக்கு."

எது தொடங்கும் இடம் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் புறப்பட்டார்கள். அரியநாயகம் அரிசி மூட்டையையும் பானையையும் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. வடிவின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் துணிவு வரவில்லை. ஏற்றம் வரும் இடங்களில் அவள் கைச்சுமையை வாங்கித் தன் சுமையோடு வைத்துக்கொள்வார்.

பாதை ஆற்றை ஒட்டியே ஏறியது. வடிவு முகத்தைக் காட்டுப்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஆனால் சத்தத்துக்கு முகத்தைத் திருப்ப முடியாது. பாறைகளுக்கு நடுவே அது இரைந்துகொண்டே கூட வந்தது.

வெயில் ஏறியதும் கூழாங்கல் மேடு ஒன்றில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் வாயை அடக்கிக்கொண்டு வந்த அரியநாயகத்தால் அதற்கு மேல் முடியவில்லை.

"ஐயா, நான் சொன்ன வேர் தப்பா?"

தீத்தாரப்பர் குனிந்து இரண்டு கூழாங்கற்களை எடுத்தார். கோழிமுட்டை அளவு. இரண்டிலும் ஒரே பாசி.

"இது ரெண்டும்?"

அரியநாயகம் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "ஒரே கல்லுதான். ஒரு பாறையில இருந்து உடைஞ்சதா இருக்கும்."

தீத்தாரப்பர் அவற்றை வாங்கிப் பாறைமேல் வைத்து, ஒரு பெரிய கல்லால் ஓங்கிப் போட்டார். இரண்டும் பிளந்தன. ஒன்றின் உள்ளே செங்கல் நிறம். மற்றது உள்ளே கன்னங்கரேல் என்று, நடுநடுவே உப்புப்போல் மின்னியது.

அரியநாயகம் நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்க மலை சிவந்திருந்தது. வலப்பக்க மலை கறுத்திருந்தது.

"முன்னே உள்ளவங்க இந்தத் தண்ணியை வேற மாதிரி சொன்னாங்க," என்றார் தீத்தாரப்பர். "முன்னால இன்னொரு எழுத்து நின்னுது."

அரியநாயகம் தொடையில் தட்டினார். "யாறு! பழைய பாட்டுல எல்லாம் யாறுன்னுதானே இருக்கு. 'யா' தேஞ்சு 'ஆ' ஆயிட்டு."

"அந்த எண்ணும் வேற எங்கயோ இருந்து உருண்டு வந்திருக்கும். தணியுததும் அப்படித்தான்."

வடிவு பிளந்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தப் பேர யாரும் வைக்கலையா?"

"இல்ல."

"உருட்டுனது யாரு?"

"பேசுன வாய் எல்லாம்."

"என் வாயுமா?"

"உங்க வாயும். என் வாயும்."

அவள் சிவந்த கல்லின் ஒரு பாதியைக் கையில் எடுத்தாள். அதன் முனை கூர்மையாக இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அது போதாது ஐயா. ஒருத்தன் வச்சான்னு சொன்னா, அவனைத் திட்டிட்டாவது இருப்பேன். மழையைக் கேட்டேன், மலையைக் கேட்டேன், எந்தக் கோயில்லயும் பதில் இல்ல. இந்தப் பேர வச்சவன் ஒருத்தனாவது இருப்பான்னு நெனச்சேன். அவனும் இல்லேன்னா நான் யாரைக் கேக்க?"

தீத்தாரப்பர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு மேலே நடந்தார். அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நடந்தாள். உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஏற ஏற ஆறு சிறுத்தது. ஓரிடத்தில் இரண்டு ஓடைகள் வந்து சேர்ந்தன. பெரியது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுபடியும் அப்படி ஒரு கூடுமிடம் வந்தது. இந்த முறை இரண்டும் ஒரே அளவாக இருந்தன. எது ஆறு என்று சொல்ல முடியவில்லை. அரியநாயகம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். தீத்தாரப்பர் பாதை இருந்த பக்கம் திரும்பினார்.

அன்று இரவு ஒரு பாறை இடுக்கில் படுத்தார்கள். விடிந்ததும் மறுபடி ஏறினார்கள். இரைச்சல் ஓய்ந்து சலசலப்பாயிற்று. பிறகு அதுவும் குறைந்து, காது கொடுத்தால்தான் கேட்கும் என்று ஆனது. சத்தம் நின்றுவிட்டதோ என்று வடிவு முதன்முறையாக முகத்தைத் திருப்பி அதைப் பார்த்தாள்.

புல்லுக்கு நடுவே அது போய்க்கொண்டிருந்தது. தெளிந்த, குளிர்ந்த, சிறிய தண்ணீர். அடியில் கிடந்த மணலை எண்ணிவிடலாம்போல் இருந்தது.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

ஒரு சிறுபிள்ளை ஒரே எட்டில் தாண்டிவிடும் அகலம். வடிவு அதன் அருகே போனாள். காலைத் தூக்கினாள். ஆனால் தாண்டவில்லை. கரையோடேயே மேலே நடந்தாள்.

சற்றுத் தூரத்தில் அதுவும் இல்லாமல் போனது. மரங்கள் முடிந்துவிட்டன. முன்னால் பெரிய புல்வெளி, அதன்மேல் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிக் கிடந்தது. நடந்தால் கால் புதைந்தது. எங்கும் ஒரு சுனையும் இல்லை, ஊற்றும் இல்லை. தேடி வந்தவர்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் சென்று பார்த்துவிட்டு, ஒன்றும் காணாமல் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

வடிவு குனிந்து ஒரு புல்லைப் பார்த்தாள். நுனியில் ஒரு துளி நின்றது. மஞ்சிலிருந்து அது தானாகத் திரண்டு, கனத்து, விழுந்தது. அந்த இடத்தில் இன்னொரு துளி திரளத் தொடங்கியது. பக்கத்துப் புல்லிலும் அப்படியே. அதற்கடுத்த புல்லிலும். கண் போன தூரம்வரை, மஞ்சு மறைத்த இடத்துக்கு அப்பாலும், மலை முழுவதும் ஒரு சத்தமும் இல்லாமல் துளித்துக்கொண்டிருந்தது.

அவள் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தாள். உள்ளே, வெகு ஆழத்தில், தண்ணீர் நடமாடும் சத்தம் கேட்டது. தூங்கும் பிள்ளையின் வயிற்றில் காது வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி.

"எங்க ஐயா தொடங்குது?" என்றாள். அவளை அறியாமலே குரல் தாழ்ந்திருந்தது.

அப்போது காற்று திரும்பியது. ஒரு பக்கத்து மஞ்சு மட்டும் விலகியது. விலகிய இடத்தில் கீழே உலகம் தெரிந்தது. மலை மடிப்புகளுக்குள்ளிருந்து ஒரு வெள்ளிக் கம்பி வெளிப்பட்டு, காட்டைத் தாண்டி, வயல்களுக்குள் புகுந்து, பச்சையை இருபுறமும் தள்ளிக்கொண்டு, வானமும் தரையும் சேரும் இடம்வரை போயிற்று. அதன் இரு கரையிலும் ஊர்கள். ஊர்களிலிருந்து சின்னச் சின்னதாகப் புகை. அந்தக் கம்பியில் எங்கோ ஒரு வளைவில்தான் அவளுடைய துறை. எந்த வளைவு என்று தெரியவில்லை.

அரியநாயகம் தலையில் இருந்த சுமையை இறக்கவும் மறந்து நின்றார்.

தீத்தாரப்பர் கையை நீட்டினார். புல்லைக் காட்டினார், மஞ்சைக் காட்டினார், கீழே தெரிந்த அத்தனையையும் காட்டினார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"இதெல்லாம் ஆ..."

நின்றுவிட்டார்.

பள்ளியில் எல்லாருக்கும் பழகிய காட்சிதான் அது. ஓர் எழுத்து மறித்தால் கண்ணிமைக்கும் நேரம் நிற்பார், உடனே வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார். வடிவு காத்திருந்தாள். புனல் என்பார், ஓடை என்பார், தண்ணி என்பார்.

அவர் தாவவில்லை.

அந்த எழுத்திலேயே நின்றார். உதடு விரிந்தபடி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. கண்ணில் நீர் கட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. இருந்தும் அவர் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை.

வடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லாதிருந்தது அவளுக்காக அல்ல. அவரால் அது முடிந்ததே இல்லை. கஞ்சி தணியட்டும் என்றதும், விரலை மடக்கியதும் இதனால்தான். அவள் எந்தச் சொல்லிலிருந்து ஓடி வந்தாளோ, அதே சொல்லிலிருந்து அவர் பிறந்தது முதல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

அரியநாயகத்துக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். வடிவு கையை நீட்டி அவரைத் தடுத்தாள். எழுந்து போனாள். தீத்தாரப்பரின் முதுகில் கையை வைத்தாள். இருமிக் களைத்த பிள்ளைக்குத் தடவிக் கொடுப்பதுபோல் மேலும் கீழும் தடவினாள்.

"ஆறு தம்பி," என்றாள். "ஆறு... ஆறு. ஆற அமரச் சொல்லு. எங்கயும் ஓடிராது."

அவர் தோள் தளர்ந்தது. மூச்சு இறங்கியது.

அதன் பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவள் காதில் விழுந்தது.

கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது. அவள் கீழே பார்த்தாள். அந்த வெள்ளிக் கம்பி அதே இடத்தில் ஒளி விட்டுக்கொண்டிருந்தது. மெல்ல அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்தபடியே பேசினாள். யாரிடமும் சொல்லாததுபோல், எல்லாரிடமும் சொல்வதுபோல்.

"மயிலுக்கு ஆறு வயசு. ஆறு கொண்டுபோயிட்டு."

அவ்வளவுதான். அந்த இரண்டு வாக்கியத்தையும் அவள் அதற்கு முன் சொன்னதே இல்லை.

பிறகு குனிந்து இரண்டு கையாலும் புல்லை அளைந்தாள். உள்ளங்கை நனைந்தது. காயம்பட்ட கைதான். அந்த ஈரத்தை அப்படியே முகத்தில் தேய்த்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்பது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. முகம், மயிர், சேலை எல்லாமே நனைந்திருந்தது. மஞ்சு மறுபடி மூடிக்கொண்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் வெகுநேரம் அதற்குள் இருந்தார்கள். சுற்றிலும் மலை துளித்துக்கொண்டிருந்தது.

இறங்கும்போது வடிவு தண்ணீர்ப்பக்கமாகவே நடந்தாள். அது வளர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாண்டக்கூடிய அளவு போய், இறங்கிக் கடக்கும் அளவாகி, பிறகு கடக்கவே முடியாததாகும்வரை பார்த்தாள். ஓரிடத்தில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். அவள் அதைக் குடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அரியநாயகம் அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்குப் பிரியும் பாதை வந்தது. மருத மரங்கள் தெரிந்தன. வடிவு நின்றாள்.

"நான் வரல்ல ஐயா. இப்படியே கீழ போறேன்."

"ஊருக்கா?"

"அந்த மனுசன் தனியா இருப்பாரு. அவருக்கும்தானே மக. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல."

அரியநாயகம் மிச்சமிருந்த அரிசியை ஒரு துணியில் முடிந்து அவளிடம் நீட்டினார்.

"அக்கா, நான் அன்னைக்கு..."

"நீங்க கேட்டது நல்ல கேள்வி," என்று சொல்லி அவள் முடிச்சை வாங்கிக்கொண்டாள்.

தீத்தாரப்பரைப் பார்த்துக் கேட்டாள்.

"மேல நீங்க வேணும்னேதான் நின்னீங்களா?"

"எனக்கு வேணும்னு நின்னு பழக்கமில்ல அக்கா. ஓடித்தான் பழக்கம்."

"அப்போ ஏன் ஓடல்ல?"

"அங்க வேற சொல்லு எதுவும் பொருந்தல்ல."

வடிவு தலையாட்டினாள். சற்றுத் தூரம் போனவள் மறுபடி திரும்பி வந்தாள். அவள் முகத்தில் இப்போது ஒரு மாணாக்கியின் ஆவல் மட்டும் இருந்தது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. உருண்டு வந்ததுன்னு சொன்னீங்க, சரி. ஆனா ஒரு வாய் முதமுதல்ல அதைச் சொல்லியிருக்கும் இல்லையா? அது என்ன பொருள்ல சொல்லிச்சு? தண்ணியையா, வழியையா, எண்ணையா, இல்ல யாரையாவது தேத்துறதுக்கா? எது முதப் பொருள்?"

பக்கத்தில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. தீத்தாரப்பர் அவளையே பார்த்தார்.

"முதுகுல கைய வச்சு என்கிட்டச் சொன்னீங்களே அக்கா. அது என்ன பொருள்?"

வடிவு பதில் சொல்ல வாயெடுத்தாள். எந்தச் சொல்லும் வரவில்லை; மேலே அவர் முதுகைத் தடவிய கைதான் முதலில் எழுந்தது.